பிளம்பர் பையில் எதை ஏற்றுவது, எதை விடுவது

ரிப்பேர் வேலைக்குப் போகிற பிளம்பருக்கு ஒரு குழாய் மாற்ற ஆகும் நேரத்தைவிட, அதற்கு ஒரு நிப்பிள் (மரை போட்ட சின்ன இணைப்புத் துண்டு) வாங்கக் கடைக்குப் போய்வரும் நேரம்தான் அதிகம். அந்த நேரத்துக்குக் கூலி கிடையாது. வீட்டுக்காரர் வாசல் கேட் பக்கம் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். "இதோ வந்துர்றேனுங்க" என்று போய் மறுநாள் வந்த ஆட்களையெல்லாம் அவர் பார்த்திருக்கிறார். அதனால் இந்தத் தொழிலில் கைவேலைக்கு அடுத்தபடியாக நான் மதிப்பது பை அடுக்கத் தெரிந்த ஆளை.

நான் கோவையில் பழைய வீடுகளில் ரிப்பேர் பார்க்கிறவன். வண்டி டிவிஎஸ் எக்ஸ்எல். பின்னால் கையாள் தம்பி உட்கார்ந்துவிட்டால், சாமானுக்கு மிச்சம் இருப்பது முன்னால் கால் வைக்கிற இடமும் பக்கத்தில் தொங்குகிற பையும்தான். ஆம்னி வேன் வைத்திருக்கிறவர்கள் கடையையே ஏற்றிக்கொண்டு போகலாம். நமக்கு அது ஆகாது. எதை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று யோசித்தால்தான் வண்டி நகரும்.

புதிதாகத் தொழிலுக்கு வருகிற பையன்கள் எல்லா சைஸிலும் இரண்டிரண்டு வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். எந்த வேலை வந்தாலும் முடித்துவிடலாம் என்று நினைப்பு. பை கனத்துவிடும், ஆனாலும் வேண்டியது அதில் இருக்காது. என் கணக்கு வேறு. வேலை இன்றைக்கு முடியாமல் போகலாம். ஆனால் மாடி வால்வை மூடிவிட்டு வேலையைத் தொடங்கிய வீட்டில், கிளம்பும்போது அந்த வால்வைத் திறந்துவிட்டு வர வேண்டும். ஒரு பாத்ரூமில் ஒரு குழாய் இல்லாமல் ஒரு நாளை ஓட்டிவிடலாம். வீடு முழுக்கத் தண்ணி இல்லாமல் ஒரு ராத்திரியை ஓட்ட முடியாது, அதுவும் வயசானவர்களோ கைக்குழந்தையோ இருக்கிற வீட்டில்.

அதனால் என் பையில் முதலில் ஏறுவது டம்மி டப்பா, அதாவது லைனின் வாயைத் தற்காலிகமாக மூடுகிற அடைப்புகள். மரை உள்ள அரை இஞ்ச் பிளாஸ்டிக் டம்மி ஏழெட்டு, முக்கால் இஞ்சில் இரண்டு, சிபிவிசி (இளமஞ்சள் பிளாஸ்டிக் பைப்) முனையில் ஒட்டி மூடும் எண்ட் கேப் அரை, முக்கால், ஒரு இஞ்ச் மூன்றிலும், யுபிவிசியிலும் (வெள்ளைப் பிளாஸ்டிக் பைப்) அதே மூன்று, ஆங்கிள் காக் (சுவரில் ஹோஸ் மாட்டுகிற சின்ன வால்வு) வாயை மூட அரை இஞ்ச் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) கேப் இரண்டு. எல்லாம் சேர்ந்து ஒரு கிலோகூட வராது, விலையும் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் மற்ற எந்த டப்பா இல்லாமலும் கிளம்புவேன், இது இல்லாமல் கிளம்ப மாட்டேன்.

இதன் அருமை ஞாயிற்றுக்கிழமை மதியம் தெரியும். வாஷ்பேசின் குழாய் மாற்றப் போவோம். ஹோஸைக் கழற்றும்போது ஆங்கிள் காக்கின் தலை கையோடு வந்துவிடும். பக்கத்துக் கடைகள் பூட்டிக் கிடக்கும். பழைய ஆங்கிள் காக்கை அடியோடு கழற்றிவிட்டுச் சுவரில் ஒரு டம்மியை முறுக்கினால் போதும், பத்து நிமிஷத்தில் வால்வைத் திறந்துவிடலாம். திங்கட்கிழமை கடை திறந்ததும் சாவகாசமாக வந்து மாட்டிக்கொள்ளலாம். சுவருக்குள்ளே லைன் வெடித்திருந்தாலும் இதே வழிதான். அந்தக் கிளை எங்கே பிரிகிறதோ அங்கே வெட்டி எண்ட் கேப் ஒட்டிவிட்டால், சமையலறைக்கும் மற்ற பாத்ரூமுக்கும் தண்ணி போகும்.

ஒன்று கவனிக்க வேண்டும். ஒட்டுகிற கேப் காய நேரம் கேட்கும். எவ்வளவு நேரம் என்று சொல்யூஷன் (பைப் ஒட்டுகிற பசை) டின்னிலேயே போட்டிருப்பார்கள், பைப் சைஸையும் அன்றைய வெயிலையும் பொறுத்து அது மாறும். மரை டம்மிக்கு அந்தத் தொல்லை இல்லை, மாட்டியவுடனே திறக்கலாம். அதனால் மரை இருக்கிற இடத்தில் மரையைத்தான் தேடுவேன், ஒட்டுகிற வேலை கடைசி.

கிளம்புவதற்கு முன்னாலேயே பாதி வேலை போனில் முடிந்துவிடும். "ஒரு குழாய் லீக் ஆகுதுங்க, வந்து பாருங்க" என்பார்கள். அதோடு போனை வைத்துவிட்டால் எந்த டப்பாவை எடுப்பது?

"பைப்பு என்ன கலருங்க சார்? வெள்ளையா, இளமஞ்சளா, சாம்பலா?"

"சுவத்துக்குள்ள போகுதுப்பா, தெரியலையே."

"மொட்டை மாடியில டேங்க்குகிட்ட வெளிய தெரியுமுங்க. அங்க ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. அப்புறம் அந்தக் குழாயில வர்றது நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா?"

கடைசிக் கேள்வி வெளியூர்க்காரர்களுக்கு விசித்திரமாக இருக்கலாம். இங்கே நிறைய வீடுகளில் லைன் இரண்டு. சிறுவாணியோ பில்லூரோ, நல்ல தண்ணிக்கு ஒன்று, போர் தண்ணிக்கு ஒன்று. நல்ல தண்ணி லைனில் எத்தனையோ வருஷம் ஆன குழாய்கூட ஸ்பேனர் வைத்தால் சொன்னபடி கேட்கும். உப்புத் தண்ணி லைனில் நாலைந்து வருஷத்திலேயே மரை முழுக்க வெள்ளையாக உப்புப் படிந்து கல்லாகிவிடும். அதைத் திருப்பினால் குழாய் கழலும், ஆனால் அதைப் பிடித்திருக்கும் எக்ஸ்டென்ஷன் நிப்பிள் சுவருக்குள்ளேயே முறிந்து பாதி உள்ளே நிற்கும். உப்புத் தண்ணி என்று போனில் தெரிந்துவிட்டால் உடைந்த நிப்பிள் எடுக்கிற சாமானையும் சேர்த்து எடுத்துக்கொள்வேன். அதற்குப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். முறிந்துபோன ஆக்சா பிளேடுத் துண்டை எறியாமல் வைத்திருந்தால் போதும். துண்டின் ஒரு பக்கம் துணி சுற்றி, முறிந்த நிப்பிளின் உட்பக்கம் கொஞ்சம் தள்ளித் தள்ளி இரண்டு கோடு அறுக்க வேண்டும், நிப்பிள் மாட்டியிருக்கும் எல்போவின் (சுவருக்குள் இருக்கும் வளைவு இணைப்பு) மரையைத் தொடுவதற்கு முன்னால் நிறுத்திவிட வேண்டும். பிறகு சின்ன உளியால் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்கிற நிப்பிள் துண்டை உள்பக்கமாகத் தட்டி மடக்கினால் மிச்சமும் பிடி தளர்ந்து வந்துவிடும். பொறுமைதான் வேண்டும். அவசரப்பட்டு எல்போ மரையில் பிளேடு பட்டுவிட்டால், டைல்ஸை உடைப்பதைத் தவிர வழியில்லை.

சைஸ் குழப்பத்தைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பை அடுக்குவதே அதைச் சுற்றித்தான். "அரை இஞ்ச்" என்று கேட்டால் மூன்று பேர் மூன்று பைப்பைக் காட்டுவார்கள். சிபிவிசி அரை இஞ்ச் பைப்பின் வெளிவிட்டம் 15.9 மி.மீ. யுபிவிசி அரை இஞ்சுக்கு அது 21.3 மி.மீ. தோட்டத்துக்குப் போடுகிற சாம்பல் நிற பிவிசிக்கு வெளிவிட்டம்தான் பெயரே: 20, 25, 32 என்று போகும். கடையில் அந்த 20-ஐயும் அரை இஞ்ச் என்றுதான் கேட்பார்கள். இதில் ஆபத்தான ஜோடி ஒன்று இருக்கிறது. சிபிவிசி முக்கால் இஞ்ச் பைப் 22.2 மி.மீ., யுபிவிசி அரை இஞ்ச் 21.3 மி.மீ. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. யுபிவிசி அரை இஞ்ச் பைப்பை சிபிவிசி முக்கால் எல்போவில் சொருகினால் அழகாக உட்கார்ந்த மாதிரியே இருக்கும். சொல்யூஷன் தடவிவிட்டால் கையால் இழுத்தாலும் வராது. அப்புறம் ஒரு நாள் பிரஷர் பம்ப் ஓடும்போது உருவிக்கொண்டு வரும். முன்னால் யாரோ போட்டுவிட்டுப் போன இந்த மாதிரி ஜாயின்டுகளைச் சுவருக்குள்ளிருந்து எடுத்திருக்கிறேன்.

சரியான ஜோடியா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. சொல்யூஷன் இல்லாமல் சும்மா சொருகிப் பார்க்க வேண்டும். ஃபிட்டிங்கின் (எல்போ மாதிரி பைப் இணைக்கிற சாமான்) வாய் உள்ளே போகப் போகக் கொஞ்சம் குறுகும். அதனால் சரியான பைப் முழுசாக உள்ளே விழாது, வழியிலேயே பிடித்து நிற்கும். லொடக்கென்று அடிவரை போய் ஆடினால் அது வேறு ஜாதி.

வெட்டாத பைப்பில் எப்படிச் சொருகிப் பார்ப்பது? அதற்காக நான் ஒரு கோர்வை வைத்திருக்கிறேன். சிபிவிசியில் அரை, முக்கால், ஒன்று, யுபிவிசியில் அதே மூன்று, பிவிசியில் 20, 25. எல்லாவற்றிலும் ஒவ்வொரு கப்ளிங்கை (இரண்டு பைப்பை நேராக இணைக்கிற ஃபிட்டிங்) எடுத்து நீளவாக்கில் பாதியாக அறுத்து, ஓட்டை போட்டு, ஒரு கம்பியில் கோத்திருக்கிறேன். மேலே மார்க்கரால் சைஸ் எழுதியிருக்கும். சுவரோரம் போகிற பைப்பின் மேல் அந்தப் பாதி வளையத்தை வைத்தால் எது அலுங்காமல் படிகிறதோ அதுதான் சைஸ். வெர்னியர் வைத்து அளக்கலாம்தான், ஆனால் ஈரக் கையோடு மூலைக்குள் குனிந்து அதைப் படிப்பதற்குள் இது வேலையை முடித்துவிடும். இன்னொன்று, பைப்பின் மேலேயே அச்சடித்திருப்பதைப் படிக்கிற பழக்கம் நம் ஆட்களுக்குக் குறைவு. ஐ.எஸ். 4985 என்று இருந்தால் மி.மீ. கணக்குப் பைப். ஐ.எஸ். 15778 என்று இருந்தால் சிபிவிசி. ஏ.எஸ்.டி.எம். டி 1785 என்று இருந்தால் இஞ்ச் கணக்கு யுபிவிசி. துணியால் சுண்ணாம்பைத் துடைத்தால் தெரியும்.

இத்தனை வகை இருந்தால் பையில் எத்தனை ஃபிட்டிங் வைப்பது என்று மலைப்பாக இருக்கும். இங்கேதான் மரை கைகொடுக்கிறது. பைப் ஜிஐ, சிபிவிசி, யுபிவிசி எதுவானாலும் அரை இஞ்ச் மரை ஒரே மரைதான். ஒரு பக்கம் பைப்பில் ஒட்டி மறு பக்கம் மரையில் மாட்டுகிற அடாப்டர்கள், அதாவது வெளிமரை உள்ள எம்டிஏ, உள்மரை உள்ள எஃப்டிஏ, இந்த இரண்டும் ஒவ்வொரு வகையிலும் கையில் இருந்தால், எந்தப் பைப்பிலிருந்தும் எந்தப் பைப்புக்கும் மாறிக்கொள்ளலாம். யுபிவிசி உடைந்த இடத்தில் இரண்டு பக்கமும் யுபிவிசி எம்டிஏ ஒட்டி, நடுவில் கையிலிருக்கிற சிபிவிசியை எஃப்டிஏயோடு சேர்த்து வேலையை முடிக்கலாம். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் தண்ணி வரும். இதனால் சிபிவிசியில் மட்டும் எல்போ, டீ, கப்ளிங், யூனியன் என்று முழு செட் வைத்துக்கொள்கிறேன். மற்ற வகைகளில் மரை ஃபிட்டிங்கும் கேப்பும் மட்டும். பையில் பாதிக் கனம் இதிலேயே குறைந்தது. ஒரே நிபந்தனை: இரும்பு நிப்பிளைப் பிளாஸ்டிக் உள்மரைக்குள் முறுக்கக் கூடாது. அது இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு விரிசல் விடும். சணல் நூலைத் தடியாகச் சுற்றி முறுக்கினால் அதற்கும் முன்னாலேயே விரிசல்தான். குழாய் மாட்டுகிற இடத்துக்குப் பித்தளை மரை பதித்த ஃபிட்டிங்தான் சரி.

எதில் போட்டுக்கொண்டு போவது? தோளில் மாட்டுகிற பெரிய டூல்ஸ் பை எனக்கு ஒத்துவரவில்லை. சின்ன சாமான் எல்லாம் அடியில் இறங்கிவிடும், ரெஞ்ச் மேலே உட்கார்ந்து எல்போவை நசுக்கும். பெயின்ட் கடையில் கிடைக்கிற 20 லிட்டர் வாளிதான் வசதி. எக்ஸ்எல்லில் கால் வைக்கிற இடத்தில் அது அப்படியே உட்காரும். ரெஞ்ச், ஸ்பேனர், சுத்தியல், உளி எல்லாம் அதில் செங்குத்தாக நிற்கும், எடுக்கும்போது கண்ணுக்குத் தெரியும். வேலை நடக்கிற இடத்தில் கவிழ்த்தால் உட்கார ஆசனம், நிமிர்த்தினால் லைனில் மிச்சமிருக்கிற தண்ணியைப் பிடிக்கிற பாத்திரம். வீட்டு வாளியைக் கேட்க வேண்டியதில்லை, அதைக் கேட்டால் முகம் சுளிக்கிற வீடுகள் உண்டு.

ஃபிட்டிங்குகளுக்கு பேக்கரியில் பிஸ்கட் வருகிற கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக் டப்பா. கோவையில் தெருவுக்குத் தெரு பேக்கரி இருக்கிறது, கேட்டால் காலி டப்பா கொடுத்துவிடுவார்கள். சதுரமாகப் பார்த்து வாங்கிக்கொள்ள வேண்டும், உருண்டை டப்பா இடத்தைத் தின்னும். மூடியில் பேர் எழுதிப் பிரயோஜனமில்லை, ஈரக் கை பட்டு ஒரே வாரத்தில் அழிந்துவிடும். கரண்ட் வேலைக்குப் போடுகிற இன்சுலேஷன் டேப்பைக் கலர் கலராக ஒட்டியிருக்கிறேன். மஞ்சள் சிபிவிசி, வெள்ளை யுபிவிசி, சிவப்பு டம்மி, கறுப்பு கழிவுப் பக்கம். ஏணி மேல் நின்றுகொண்டு "தம்பி, மஞ்சள் டப்பா!" என்றால் போதும். முக்கால் எம்டிஏ எது, ஒரு இஞ்ச் எது என்று கீழே நிற்கிற பையன் தடுமாற வேண்டாம். டப்பாவே மேலே வந்துவிடும், நானே பொறுக்கிக்கொள்வேன்.

ஃபிட்டிங் போக மற்ற டப்பாக்களை சாமான் வாரியாகப் பிரிப்பதைவிட வேலை வாரியாகப் பிரிப்பது நல்லது. ஃப்ளஷ் டேங்க் வேலைக்கு என்று ஒரு டப்பா: வாஷர், சைஃபன் அடி ரப்பர், சின்ன ஃப்ளோட் வால்வு, 18 இஞ்ச் ஹோஸ் ஒன்று, டெஃப்லான் டேப். அந்த வேலை என்றால் வாளியும் அந்த ஒரு டப்பாவும்தான் வீட்டுக்குள் போகும். டெஃப்லான் டேப் மட்டும் எல்லா டப்பாவிலும் ஒன்று இருக்கும். பத்து டப்பாவைத் திறந்து அதைத் தேடுகிற கொடுமை போதும்.

சின்ன சாமான்களுக்குத் தனி யுக்தி வேண்டும். எக்ஸ்டென்ஷன் நிப்பிள் ஒரு பக்கம் உள்மரை, ஒரு பக்கம் வெளிமரை. அரை இஞ்ச் நீளத்திலிருந்து மூன்று இஞ்ச் நீளம் வரை வரும். எந்த வீட்டில் டைல்ஸுக்கு உள்ளே எல்போ எவ்வளவு ஆழத்தில் இருக்கும் என்று யாருக்கும் தெரியாது, கொத்தனார் பூசிய கனத்தைப் பொறுத்தது. அதனால் எல்லா நீளமும் வேண்டும். உதிரியாகப் போட்டால் ஒன்றோடொன்று மோதி மரை மழுங்கும். ஒன்றுக்குள் ஒன்றாகக் கையாலேயே முறுக்கி ஒரே தடியாக வைத்துவிட்டால் மரையும் பத்திரம், எது குறைகிறது என்பதும் பார்த்தவுடன் தெரியும். வாஷர், ஓ ரிங் எல்லாம் சைஸ் வரிசையில் ஒரு கம்பி வளையத்தில். ஆக்சா பிளேடு துருப்பிடிக்காமல் இருக்க, முக்கால் இஞ்ச் யுபிவிசி பைப் ஓரடிக்கும் கொஞ்சம் கூடுதலாக வெட்டி, ஒரு முனையில் கேப்பை ஒட்டி, மறு முனையில் கேப்பைச் சும்மா சொருகி, உள்ளே ஒரு சொட்டு எண்ணெய். அதே மாதிரி 75 மி.மீ. கழிவுப் பைப்பில் மூன்றடி எடுத்து வண்டியின் பக்கவாட்டில் கட்டியிருக்கிறேன். சிபிவிசி கட் பீஸ்கள், டியூப் லெவல் எல்லாம் அம்பறாத்தூணியில் அம்பு மாதிரி அதில் நிற்கும். அடிக் கேப்பில் இரண்டு ஓட்டை போட வேண்டும், இல்லாவிட்டால் மழைத் தண்ணி தேங்கும்.

குவார்ட்டர் டர்ன் (கால் சுற்றில் திறக்கிற) குழாய்களின் உள் ஸ்பிண்டிலை, அதாவது கைப்பிடியோடு திரும்புகிற உட்பாகத்தை, நான் சுமப்பதே இல்லை. கம்பெனிக்குக் கம்பெனி பல் வேறு, உயரம் வேறு, சுடுதண்ணி பக்கத்துக்குத் திரும்பும் திசையே வேறு. பத்து வைத்திருந்தாலும் பதினோராவதுதான் வேண்டியிருக்கும். பழசைக் கழற்றி, டம்மியைப் போட்டு, பழசைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போவதுதான் அதற்கு வழி.

சொல்யூஷன் டின் விஷயத்தில் கஞ்சத்தனம் உதவாது, பெரிய டின் மலிவு என்று வாங்கவும் கூடாது. ரிப்பேர் வேலைக்கு 118 மி.லி. டின்தான். திறந்து திறந்து மூடினால் கெட்டியாகிவிடும். கூழ் மாதிரி ஆனதை எந்தக் கரைசல் ஊற்றியும் மீட்கக் கூடாது, எறிந்துவிட வேண்டும். மூடும்போது டின் வாயில் வழிந்ததைத் துடைத்துவிட்டு மூடினால், அடுத்த முறை மூடியைத் திறக்க ரெஞ்ச் தேவைப்படாது. சிபிவிசிக்கு அதற்கான மஞ்சள் சொல்யூஷன்தான், தோட்டத்து பிவிசி சொல்யூஷனைப் பூசிச் சமாளிக்கக் கூடாது. டின்கள் எப்போதும் நிமிர்ந்து, தனி டப்பாவில், ஃபிட்டிங்குகளுக்கும் ரப்பருக்கும் தள்ளி. ஒழுகினால் பிளாஸ்டிக் ஃபிட்டிங்கின் வாயெல்லாம் இளகிக் கெட்டுப்போகும். சீக்கிரம் தீப்பிடிக்கிற சாமானும்கூட. சித்திரை வெயிலில் வண்டியோடு நிறுத்திவிட்டுப் போகாமல் கையோடு நிழலுக்கு எடுத்துப் போக வேண்டும்.

கருவிகளில் ரெஞ்சை மட்டும் சொல்லிவிடுகிறேன். பழைய ஜிஐ லைன் உள்ள வீட்டுக்கு ரெஞ்ச் இரண்டு வேண்டும், 14 இஞ்சில் ஒன்று, 10 இஞ்சில் ஒன்று. ஒன்று பிடிக்க, ஒன்று திருப்ப. ஒற்றை ரெஞ்சை வைத்துத் திருப்பினால் வேகம் சுவருக்குள் போய், துருப்பிடித்த அடுத்த ஜாயின்டை முறிக்கும். 18 இஞ்ச் ரெஞ்ச் இரண்டு கிலோவுக்கு மேல், சம்ப், மோட்டார் வேலை என்று முன்னாலேயே தெரிந்தால் மட்டும் வண்டியில் ஏறும். குரோம் பூசிய குழாயில் பல் உள்ள ரெஞ்ச் படவே கூடாது, அதற்கு அட்ஜஸ்டபிள் ஸ்பேனரும் ஒரு துணியும். அப்புறம் கனமே இல்லாத ஒரு கருவி: கொத்தனார் கட்டுகிற நைலான் நூல். சுவருக்கும் பைப்புக்கும் நடுவில் கட்டரோ பிளேடோ நுழையாத சந்தில், நூலைப் பைப்பைச் சுற்றிப் போட்டு இரண்டு முனையையும் மாற்றி மாற்றி வேகமாக இழுத்தால், சூட்டிலேயே பிளாஸ்டிக் பைப்பை அறுத்துவிடும். வெட்டின முனையில் உருகின பிசிரைக் கத்தியால் சுரண்டிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும்.

கழிவுப் பக்கச் சாமானையும் குடிதண்ணிப் பக்கச் சாமானையும் ஒரே வாளியில் கலப்பதில்லை. கறுப்பு டேப் ஒட்டிய டப்பா, அதற்கென்று ஒரு ஸ்பேனர், ரப்பர் கையுறை, அடைப்பு எடுக்கிற ஸ்பிரிங் எல்லாம் தனி சிமென்ட் சாக்கில். டாய்லெட்டில் வைத்த ஸ்பேனரைச் சமையலறை சிங்க்குக்குக் கொண்டுபோனால் அந்த வீட்டு அக்கா வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஆனால் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். அடுத்த முறை கூப்பிடுவது வேறு ஆளை. சமையலறையில் முதலில் ஒரு பழைய ஃபிளெக்ஸ் துண்டை விரித்து அதன்மேல்தான் வாளியை வைப்பேன். ஃபிளெக்ஸ் தண்ணியை உறிஞ்சாது, சுருட்டினால் வாளிக்குள்ளேயே அடங்கும்.

மாடி டேங்க் வேலைக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு ஏணி ஏறக் கூடாது. இரண்டு கையும் ஏணியில்தான் இருக்க வேண்டும், சாமான் கயிற்றில் பின்னால் வரட்டும். அதனால் வாளியோடு ஒரு நைலான் கயிறு எப்போதும் சுற்றியிருக்கும். மேலே வால்வே பிடிக்கவில்லை, மூடினாலும் தண்ணி ஒழுகுகிறது என்பது பழைய டேங்குகளில் வழக்கம். அதற்கு ஒரு மரக்கட்டை முனையில் பழைய சைக்கிள் டியூப் சுற்றி வைத்திருக்கிறேன். டேங்க்குக்கு உள்பக்கமிருந்து அவுட்லெட் ஓட்டையில் அதை அழுத்திவிட்டால் வெளியே நிதானமாக வால்வை மாற்றலாம். வேலை முடிந்ததும் அதை எடுத்தோமா என்று பார்த்துவிட்டுத்தான் டேங்க் மூடியைப் போட வேண்டும்.

சாயங்காலம் வந்ததும் பையைத் தொடாமல் படுத்துவிட்டால் மறுநாள் காலையில் அடி வாங்குவோம். என்ன எடுத்தோம் என்பதை நினைவில் வைக்க முடியாது. நான் செய்வது இவ்வளவுதான்: எந்த டப்பாவில் ஒரு சாமான் குறைகிறதோ அதன் மூடியை வேலை இடத்திலேயே தலைகீழாகப் போட்டுவிடுவேன். ராத்திரி அந்த டப்பாக்களை மட்டும் திறந்து பார்த்து, கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் லிஸ்ட் அனுப்பிவிட்டால், காலையில் போகிற வழியில் கட்டி வைத்திருப்பார். முழுசாகக் கொட்டித் துடைப்பது ஆயுத பூஜைக்கு. எப்படியும் அன்றைக்கு ரெஞ்சையெல்லாம் கழுவிப் பொட்டு வைக்கப் போகிறோம், அப்படியே வருஷம் முழுக்கத் தொடாத சாமான் எது என்று பிரித்துவிடலாம். போன வருஷம் அப்படி வெளியே போனவை ஜிஐ எல்போக்களும் ஒன்றேகால் இஞ்ச் ரெடியூசர்களும். அவை இல்லாமல் இதுவரை எந்த வேலையும் நின்றுவிடவில்லை.

புதுக் கட்டிட வேலை வேறு உலகம். அங்கே பூட்டுப் போட்ட டிரங்குப் பெட்டிதான் சரி. பித்தளை மரை ஃபிட்டிங்கைத் திறந்த டப்பாவில் வைத்தால் சாயங்காலத்துக்குள் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும்.

கடைசியாக, மிச்ச சாமான் கணக்கு. வீட்டுக்காரர் காசில் வாங்கியது வீட்டுக்காரருடையது, அது என் டப்பாவுக்குள் வருவதில்லை. என் டப்பாவிலிருந்து போட்டதைத் தனியாக எழுதி, கடை விலைக்கே பில்லில் சேர்ப்பேன். டப்பா வைத்திருக்கிற பிளம்பர் மேல் வருகிற சந்தேகமே, எது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் கலந்துபோவதில்தான். மிஞ்சியதில் பிரிக்காததைக் கடையில் திருப்பித் தரச் சொல்லிவிட்டு, மற்றதை ஒரு கவரில் போட்டு, எந்த லைன், என்ன வகைப் பைப், என்ன சைஸ் என்று ஒரு அட்டையில் எழுதி உள்ளே வைத்துப் பரணில் போடச் சொல்வேன். அடுத்த ரிப்பேருக்கு வேறு பிளம்பர் வந்தாலும், சைஸ் தேடி அவர் சுவரைக் கொத்த வேண்டியிருக்காது.